கிளிசரினில் முங்காத சுருள்

கண்ணாடித்தாள் ஆலையில் கடைசித் தொட்டி அவள் பொறுப்பு. மரக்கூழைக் காரத்தில் ஊறவைத்து, மூக்கைப் பிடுங்கும் திரவம் ஒன்றைக் கலந்து ஆரஞ்சு நிறப் பாகாக்குவது அவள் கணவனின் பிரிவு. அந்தப் பாகு மெல்லிய இடுக்கு வழியே அமிலத்தில் இறங்கியதும் தாளாக இறுகும். அலசி அலசி அவளிடம் வரும். கிளிசரினில் முங்கி எழுந்தால்தான் வளையும். இல்லாவிட்டால் மேலாளரின் வாக்குறுதிபோலத் தொட்டதும் நொறுங்கும்.

அன்று கிளிசரின் குழாய் அடைத்துக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தினாள். மேலாளர் ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்துன?"

"குழாயைக் கேட்டுதான் சார். வரமாட்டேன்னுடுச்சு."

"வாய் மட்டும் நல்லா வருது! நாளைக்கு தாள் வாங்க சோப்புக் கம்பெனி அம்மா வர்றாங்க. ஓட்டு."

"உடையும் சார்."

"நான் சொல்றேன், உடையாது."

"அப்போ இந்தச் சுருளோட சீட்டுல நீங்களே கையெழுத்துப் போடுங்க."

பெரிய மனிதர் வாலும் சுழியுமாகப் போட்டார். சுருள் தயாரானது.

"உனக்கெதுக்குடி ஊர் வம்பு?" என்றான் கணவன், மதியச் சாப்பாட்டின்போது.

"வம்பு அவரோடது. தாள்தான் என்னோடது."

சாப்பிட்ட கையோடு குழாயைக் கழற்றிக் குத்தி அடைப்பை எடுத்தாள்.

மறுநாள் மேலாளர் தம் திருக்கரத்தாலேயே சோப்பைச் சுற்றிக் காட்டினார். படார்! இன்னொன்று. படார்! மூன்றாவது துண்டு சிதறி அம்மாளின் கொண்டையில் போய் உட்கார்ந்தது.

"இது புது ரகம்மா. தானாவே பிரிஞ்சுக்கும்."

"கடைக்குப் போறதுக்கு முன்னாடியேவா?" அம்மாள் சுருளோடு இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். "யார் கையெழுத்து இது?"

மேலாளர் கூரையில் பல்லி தேடினார்.

அடைப்பு நீங்கியபின் அவள் அன்று காலையில் ஓட்டிய சுருளிலிருந்து ஒரு முழம் கிழித்து நீட்டினாள். அம்மாள் அதைக் கசக்கினார், இழுத்தார், காதருகே வைத்துச் சலசலப்பைக் கேட்டார். ஒரு கீறல் இல்லை.

"இதை எடுத்துக்கிறேன். ஆனா ஒவ்வொரு சுருளுக்கும் இந்தப் பொண்ணுதான் கையெழுத்துப் போடணும்."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

அடுத்த வாரம் மேலாளர் சீட்டோடு தொட்டியருகே வந்து தொண்டையைச் செருமினார்.

"ஒரு கையெழுத்து..."

"கை ஈரமா இருக்கு சார். கொஞ்சம் நில்லுங்க."

நின்றார்.