முகத்தைப் பூட்டியவள்

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப ஆம்பளையா இருக்கே," என்றார் டைரக்டர்.

மேசையைச் சுற்றி ஏழு பேர். ஏழு பேரும் தலையாட்டினார்கள். டைரக்டர் மழை பெய்கிறது என்றால் ஜன்னலைப் பார்க்காமலே குடையைத் தேடுகிற கூட்டம் அது. சுவரில் இருந்த பெரிய திரையில் அவர்கள் சொன்ன அந்த 'ஆம்பளை' நின்றுகொண்டிருந்தாள். அகன்ற தோள், பருத்த முன்கை, லேசாகத் தள்ளிய வயிறு, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, கழுத்துவரை இரும்புக் கவசம். புது வீடியோ கேமின் ஏழு தளபதிகளில் அவள் ஒருத்திதான் பெண். அவளைக் கணினியில் செதுக்கியவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அறையிலும் பெண் அவள் ஒருத்திதான். ஆள் உயரம் குறைவு என்பதால் ஆபீஸில் அவளுக்குக் 'குட்டி' என்று பெயர். வயது முப்பத்து நான்கு, பத்து வருஷ அனுபவம், இன்னமும் குட்டி!

திரையில் நின்றது குட்டியின் கூடப்பிறந்த அக்கா.

அக்கா டவுன் பஸ் டிரைவர். போன வருஷம் இதே டைரக்டர், "நமக்கு பொம்மை வேணாம், நிஜமான பொம்பளை வேணும், நிஜமான உடம்பு வேணும்" என்று மேடை போட்டுப் பேசினார். அதை நம்பித்தான் குட்டி அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஆளை அப்படியே அளந்தெடுக்கச் சுற்றிலும் எண்பது கேமரா மாட்டிய அறையில், உடம்போடு ஒட்டிய சாம்பல் நிற உடுப்பில், அக்கா இரண்டு கையையும் விரித்து நின்றாள். அதற்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. முகத்தையும் உருவத்தையும் நிறுவனம் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது.

"இது என்னடி, நம்ம விருப்பம்னு ஒண்ணும் இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான்கா. கையெழுத்துப் போடு."

அந்தச் 'சும்மா'வை நினைத்தால் இப்போதும் குட்டிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

"சின்ன வயசுலேர்ந்து தடிச்சி தடிச்சின்னுதான் கூப்பிடுவாங்க. யூனிஃபார்ம் தைக்கிற டெய்லர்கூட டேப்பைச் சுத்திட்டு வாய்க்குள்ளயே சிரிப்பான். இன்னைக்குத்தான்டி என்னை அளந்துட்டு யாரும் சிரிக்கல."

"உன்னை அப்படியே வெப்பேன்கா. ஒரு மயிரிழை மாறாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் செய்தவள் சும்மா இருக்கவில்லை, புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தாள். அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. முகம் முடிந்ததும் அதை 'லாக்' பண்ணுவார்கள். லாக் பண்ணியதும் முகபாவக்காரர்கள் அதில் சிரிப்பு, அழுகை, அலறல் என்று ஒவ்வொன்றாகக் கோக்க ஆரம்பிப்பார்கள். பிறகு மூக்கைக் கடுகளவு நகர்த்தினாலும் அத்தனை வேலையும் பாழ். எல்லோரும் உடம்பை முடித்துவிட்டுக் கடைசியில்தான் முகத்தை லாக் பண்ணுவார்கள். குட்டி தலைகீழாகச் செய்தாள். மூக்கை நேராக்குவார்கள், புருவத்தை ஒட்டுவார்கள், உதட்டை ஊத வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இதற்கு முன்னால் செய்த பெண்கள் எல்லோருக்கும் அதுதான் நடந்தது. அதனால் முகபாவக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி முதலில் முகத்தைப் பூட்டிவிட்டாள். இனிமேல் தொடுங்கடா பார்க்கலாம் என்று மனசுக்குள் ஒரு ஆட்டமும் போட்டாள்.

"முகம் லாக் ஆயிடுச்சு சார்," என்றாள் இப்போது, குரலில் கொஞ்சம் தெம்போடு.

"முகம் கிடக்கட்டும்மா, முகத்தை யாரு பார்க்கப் போறா?" ஏழு பேரும் சிரித்தார்கள். "உடம்பு இன்னும் லாக் ஆகலல்ல? இடுப்பைக் குறைங்க. மேல ஏத்துங்க. அந்த இரும்பையெல்லாம் கொஞ்சம் கழட்டுங்க."

"சார், மத்த ஆறு தளபதிக்கும் நகம்கூடத் தெரியாம கவசம் போட்டிருக்கோம். இவ வயித்துல ஒண்ணும் இல்லேன்னா ஒரே குத்துல செத்துடுவா."

"கேம்ல யாரும்மா சாகறா? செத்தா திரும்ப வந்துடுவா. குட்டி, நீ இதைப் பர்சனலா எடுத்துக்காத."

கூடப்பிறந்தவளின் துணியை உரிக்கச் சொல்லிவிட்டுப் பர்சனலாக எடுத்துக்கொள்ளாதே என்கிறான் மனுஷன்! குட்டி கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தாள்.

"அப்ப முகத்தையாவது மாத்திடலாம் சார். வேற யார் முகத்தையாவது வெச்சுக்குங்க."

டைரக்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீதானே அவசரப்பட்டு லாக் பண்ணின? அஞ்சு மாச வேலை அதுல இருக்கு. டிரெய்லருக்கு மூணு வாரம்தான் இருக்கு. அதெல்லாம் முடியாது."

குட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் முகம் அந்த உடம்பை விட்டு வெளியே வர வழியில்லாதபடி தானே பூட்டி வைத்திருக்கிறாள்.

உடம்பை மாற்றுகிற வேலை பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரரிடம் போனது. நல்ல மனுஷன்தான், யார் வம்புதும்புக்கும் போகாதவர். மறுநாள் மத்தியானம் குட்டி டீ எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவர் நாற்காலியைச் சுற்றி நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னும் ஏத்துங்கண்ணா, கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

"இடுப்பு கைக்குள்ள அடங்கணும்."

"ஆட்டம் எவ்வளவு வெச்சிருக்கீங்க? இருபதா? நூறு வரைக்கும் போகுமே!"

ஓடும்போது மார்பு எவ்வளவு குலுங்க வேண்டும் என்பதற்கு அந்த மென்பொருளில் ஒரு எண் உண்டு. அதற்குப் பெயர் ஆட்டம். ஆறு ஆண் தளபதிகளுக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாது. திரையில் அந்த உடம்பு ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கிக் கொண்டிருந்தது. அதற்கு மேலே அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிவப்பு சிக்னலில் காத்திருக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

"எந்திரிங்க," என்றாள் குட்டி.

"என்ன குட்டி?"

"எந்திரிங்கன்னேன். இதை நான் பண்ணிக்கிறேன்."

நான்கு பேரும் நழுவினார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். "நான் வேணும்னு பண்ணலம்மா. சொன்னாங்க, செஞ்சேன். எனக்கும் அக்கா இருக்காங்க," என்றார்.

வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். படிவத்தில் கையெழுத்து ஆகிவிட்டது, முகத்தில் பூட்டு விழுந்துவிட்டது, அவள் போனால் அக்கா அந்த நான்கு பேர் கையில்தான் இருப்பாள். அதனால் உட்கார்ந்தாள். இரண்டு வாரம் உட்கார்ந்தாள். அக்காவின் தோளைச் சீவினாள். வயிற்றை எடுத்தாள். பஸ்ஸைத் திருப்பித் திருப்பித் திரண்ட முன்கையைக் குச்சியாக்கினாள். கவசத்தைக் கழற்றி, மிச்சம் இருந்ததை வைத்து மூடவேண்டியதை மூடினாள், டைரக்டர் அதிலும் பாதியைக் கழற்றச் சொன்னார். ஆட்டத்தை எண்பதில் வைத்தாள். அந்த எண்ணை அடிக்கும்போது மட்டும் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

நடுவில் அக்காவின் போன் வேறு.

"எப்படி, வெளிய வர்ற நாள் முடிவாயிடுச்சா? டிப்போவுல எல்லாரும் உயிரை வாங்கறாங்கடி. ரெஸ்ட் ரூம் டி.வி.யில போட்டு மொத்தப் பேரும் பார்க்கப் போறோம்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக்கா."

"நல்லா வந்திருக்கேனா?"

குட்டியின் கையில் மவுஸ் இருந்தது. திரையில் அக்காவின் தொடை இருந்தது. "நல்லா வந்திருக்கக்கா," என்றாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. டியூட்டி முடிந்து அக்கா டி.வி. முன்னால் உட்காருவதற்குள் நேரில் சொல்லிவிடுவது என்று குட்டி அரைநாள் லீவு போட்டாள். படியிறங்கும்போதே பின்னால் கைதட்டல் கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் விட்டால்தான் கூட்டம் பார்க்கும் என்று டைரக்டர் டிரெய்லரை ஒரு மணிக்கே வெளியே விட்டுவிட்டார். குட்டி ஆட்டோ பிடித்து ஓடினாள்.

டிப்போ ரெஸ்ட் ரூமில் பத்துப் பேர் இருந்தார்கள். டி.வி. அணைந்திருந்தது. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூலையில் ஒருவர் மட்டும் போனைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பஸ் போகிற வருகிற நேரம் குறிக்கிறவர்தான் வெளியே வந்து சொன்னார்.

"அக்கா அப்பவே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. சாப்பிடக்கூட இல்ல. திரும்பி வர்ற வழியில எதிர்ப்பக்க ஸ்டாப்புல நின்னா பிடிச்சிடலாம்."

பஸ் வந்தது. குட்டி முன்கதவு வழியாக ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்தாள். கதவு மூடிக்கொண்டது. வெயில் கொளுத்துகிற அந்த நேரத்தில் அக்கா சட்டையைக் கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருந்தாள்.

"அக்கா..."

"பார்த்தேன்." அக்கா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"முன்னாடியே சொல்லணும்னுதான் நெனச்சேன்கா..."

"மூஞ்சி அச்சு அசல் நான்தான். தழும்பைக்கூட விடல. சொன்ன மாதிரியே செஞ்சிருக்க." கியரை மாற்றினாள். "கழுத்துக்குக் கீழ யாரு பண்ணினது?"

பொய் சொல்லியிருக்கலாம். டைரக்டர் என்றோ கண்ணாடிக்காரர் என்றோ சொன்னால் நம்பியிருப்பாள். ஆனால் குட்டிக்கு அக்காவிடம் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"நான்தான்கா."

சிக்னலில் பஸ் நின்றது.

"வேற எவன் கையும் உன் மேல படக்கூடாதுன்னு நானே பண்ணினேன். சத்தியமாக்கா, அதுக்காகத்தான்."

அக்கா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று குட்டி எதிர்பார்த்தாள். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

"உன் கைன்னா எனக்கு வலிக்காதுன்னு நெனச்சியாடி?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அக்கா வண்டியை எடுத்தாள்.

அடுத்த ஸ்டாப்பில் தோளில் ஆபீஸ் பை மாட்டிய இரண்டு பேர் ஏறினார்கள். ஒருத்தன் போனைப் பார்த்தபடியே ஏறி, நிமிர்ந்து, டிரைவரைப் பார்த்து அப்படியே நின்றான். மற்றவனை முழங்கையால் இடித்தான். இருவரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், மறுபடி முகம். பிறகு இரண்டு ஜோடிக் கண்ணும் மெதுவாகக் கீழே இறங்கின. அக்காவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

குட்டி அவர்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் போய், முதுகைக் காட்டி, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். உயரம் போதவில்லை, எக்கி நின்றாள். இரண்டு ஸ்டாப் போனது, அப்படியே நின்றாள். இறங்க வேண்டியவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

அக்கா கண்ணாடியில் பார்த்தாள். நாள் முழுக்கப் பயணிகளிடம் பேசுகிற அந்தக் குரலில் சொன்னாள்.

"ஏங்க, வழியில நிக்காதீங்க. உள்ள போங்க."

குட்டி நகரவில்லை.

"உங்களைத்தாங்க சொல்றேன். உள்ள போங்க."

குட்டி உள்ளே போனாள்.