மூடாத பாத்தி

ஒரே நாளில் நட்ட இரண்டு தக்காளிப் பாத்திகள் ஒரே உயரத்தில், ஒரே பச்சையில், ஒட்டிப் பிறந்த பிள்ளைகளைப் போல நின்றன. வேறு யாருடைய தோட்டமாக இருந்தாலும் சொந்தக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டிருப்பார். இந்தத் தோட்டத்துக்காரர் ஏதாவது ஒரு வித்தியாசம் தெரியாதா என்று மூன்றாம் தடவையாக அளந்து பார்த்தார்.

பத்து மணிக்குப் பயிற்சி நிலையத்து மேடம் வந்துவிடுவார். அவரோடு சுற்றுவட்டாரத்து விவசாயிகள் முப்பது பேர் வருவார்கள். இடது பாத்தியில் கதிர் அறுத்த சோளத்தட்டையை நறுக்கி, காய்ந்த சருகோடு கலந்து, நான்கு விரல் கனத்துக்கு மண்ணை மூடியிருந்தார். மூடாக்கு என்று அதற்குப் பெயர். வலது பாத்தி வெறும் மண். மூடிய பாத்தி செழித்து நிற்க வேண்டும், மூடாத பாத்தி வாடி நிற்க வேண்டும், வருகிறவர்களுக்கு வித்தியாசம் கண்ணில் அறைய வேண்டும். அதுதான் இன்றைய பாடம். அந்தப் பாடம் இப்போது இரண்டு பக்கமும் காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, டீ ஆறுது," என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ம்."

"அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? வரேனா, வரலையா?"

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவருடைய 'ம்'களுக்கு அவள் ஓர் அகராதியே போட்டிருப்பாள். தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

அக்கம்பக்கத்தில் அவருக்குப் 'புஸ்தகம்' என்று பெயர். வயலுக்கு நடுவில் நின்று அரைப் பக்கம் படிப்பார், செடியைப் பார்ப்பார், மீதி அரைப் பக்கத்தைப் படிப்பார். பயிற்சி நிலையம் வெளியிட்ட கையேடுகள் பதினொன்றும் அவரிடம் இருந்தன. உரம் போடாமல் மண்ணை வளர்ப்பது, பூச்சியை விரட்டும் செடிகள், மண்புழு, விதை சேமிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். நிலையத்திலிருந்து போனுக்கு வீடியோக்களும் வரும். அவர் பார்ப்பதில்லை. வீடியோவில் பேசுகிறவர் நாம் யோசித்து முடிக்கும்வரை நிற்க மாட்டார், புத்தகம் நிற்கும்.

"வீட்டுல வெள்ளம் புகுந்தா இவர் முதல்ல தூக்கறது என்னைன்னு நினைக்கறீங்களா?" என்று மனைவி வருகிறவர்களிடம் கேட்பாள். "உப்பு ஜாடியை நகர்த்திட்டு அதைத்தான் தூக்குவாரு."

இந்தக் கேலிக்கெல்லாம் தலைமை தாங்கியவன் அவளுடைய தம்பி. அடுத்த வயல்காரன், டிராக்டர் வைத்திருப்பவன். அந்தத் தெருவில் எல்லார் நிலத்தையும் உழுகிற டிராக்டர் அது. அதனால் அவன் முதலில் எதைச் செய்கிறானோ அதைத் தெரு இரண்டாவதாகச் செய்யும். அறுவடை முடிந்ததும் அவன் சோளத்தட்டையைக் குவித்துத் தீ வைப்பான். மறுநாள் பத்து வயலில் புகை எழும். இரண்டு நாளைக்குக் கண் எரியும். கொடியில் காய்கிற துணியெல்லாம் கரி நாறும். அக்காள் திட்டுவாள், தம்பி சிரிப்பான், அடுத்த போகத்திலும் எரிப்பான்.

மூன்று மாதத்துக்கு முன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் சொன்னான்: "மச்சான், நீங்க படிச்சுச் சொன்னா எனக்கு ஏறாது. ரெண்டு பாத்தியைப் பக்கத்துப் பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. மூடின பாத்தி ஜெயிச்சா, என் தட்டையில ஒரு குச்சியைக்கூட எரிக்க மாட்டேன். இல்லேன்னா அடுத்த திங்கக்கிழமையே தீப்பெட்டியோட வருவேன். அப்புறம் நீங்க கண்ணைக் கசக்கக் கூடாது."

"ம்," என்றார் இவர். சரி என்று அதற்கு அர்த்தம்.

கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. இரண்டு பாத்திக்கும் மூன்று நாளைக்கு ஒரு முறை ஒரே அளவு தண்ணீர். வேறு எதுவும் செய்ய வேண்டாம். கீழே ஒரு கட்டம். வாரா வாரம் செடியின் உயரத்தை எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் அப்படியே செய்தார். மேடமும் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, "இதைவிடச் சரியா யாரும் செஞ்சதில்ல ஐயா," என்று சொல்லிப் போனார்.

மூன்றாவது வாரம் வெயில் முறுகியது. ஒரு நாள் பதினோரு மணிக்கு வந்து பார்த்தால், மூடாத பாத்தியில் இலைகள் சுருண்டு, தண்டுகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. மூடிய பாத்தி எதுவும் நடக்காதது போல நின்றது. பாடம் நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்றுதான் அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். செடி முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கேட்டால் என்ன செய்வது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. தொட்டியில் ஒரு பூவாளியை மொண்டு வந்து ஊற்றினார். ஒரே ஒரு பூவாளி, உயிர் போகாமல் இருக்க.

மறுநாள் இரண்டு.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மனைவி எழுந்திருக்கும் முன், விடியும் வெளிச்சத்தில் போய் ஊற்றிவிட்டு வந்துவிடுவார். விதியை மீறினாரே தவிர, மீறியதை எழுதாமல் விட அவரால் முடியவில்லை. கையேட்டின் பின்னட்டைக்கு உட்புறம், ஒரு பூவாளிக்கு ஒரு கோடு என்று பென்சிலால் போட்டு வந்தார். நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. தொட்டியடியில் பூவாளி தினமும் நிறைந்தே இருந்தது. அவரைப் பந்தலுக்கு ஊற்ற அவள் மொண்டு வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்; கேட்கவில்லை. கேட்காமலே பல காரியங்கள் நடக்கும் வீடு அது.

போன வாரம்தான் அவருக்கு உறைத்தது. இரண்டு பாத்தியும் ஒன்றாக நின்றால் மூடாக்கு தோற்றது என்றுதானே ஆகும்? அன்றோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு நாள் நிறுத்தியும் பார்த்தார். பதினோரு மணிக்கு வெளியே போகாமல் சமையலறையில் உட்கார்ந்து விதைக் கையேட்டை விரித்தார். ஒரே வரியை நான்கு தடவை படித்தார். பிறகு எழுந்து பூவாளியைத் தேடிப் போனார்.

இன்று விடியற்காலையிலும் ஊற்றியாகிவிட்டது.

பத்து மணிக்கு வேன் வந்தது. ஆட்கள் இறங்கி வரப்பில் வரிசையாக நின்றார்கள். மைத்துனன் வேலியைத் தாண்டி வந்து முன்வரிசையில் கைகட்டி நின்றான். மேடம் ஒலிபெருக்கியே தேவைப்படாத குரல்காரர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லக்கூடியவர். இடது பாத்தியைப் பார்த்தார். வலது பாத்தியைப் பார்த்தார். மறுபடி இடது. வாயைத் திறந்து மூடினார்.

"மண்ணைப் பொறுத்து... சில இடத்துல வித்தியாசம் கொஞ்சம்... ஐயா, உயரம் எழுதின கட்டம் இருக்கா?"

கையேட்டை விரித்துக் கொடுத்தார். கட்டத்திலும் இரண்டு வரிசை எண்களும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன.

மைத்துனன் பாத்திக்கு ஒன்றாக இரண்டு தக்காளி பறித்து, இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தராசு மாதிரி ஏற்றி இறக்கினான். "என் கண்ணுக்கு அண்ணன் தம்பியாத்தான் தெரியுது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க? ஏட்டுத் தக்காளியும் ஆகாது போல."

"தட்டையை நறுக்கின கை வலிதான் மிச்சம்," என்றார் பின்னால் நின்ற ஒருவர். சிரிப்பு பரவியது. அதில் விஷம் இல்லை. ஒரு வேலை குறைந்ததே என்ற நிம்மதிதான் இருந்தது. இரண்டு பேர் வேன் பக்கம் திரும்பினார்கள்.

அவர் பேசாமல் இருந்துவிடலாம். பேசாமல் இருப்பது அவருக்குச் சொந்த வீடு மாதிரி; யாருக்கும் சந்தேகம் வராது. மண்ணைப் பொறுத்தது என்று மேடமே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை புகை எழும், அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருடத்தில் அவருடைய மௌனம் ஒரு தடவையும் பொய் சொன்னதில்லை. இன்று வாயைத் திறக்காவிட்டால் சொல்லிவிடும்.

"நான் தண்ணி விட்டேன்," என்றார்.

"தண்ணி எல்லாரும்தான் விடறோம் மச்சான்."

"இதுக்கு மட்டும். கூடுதலா. தினமும்."

திரும்பியவர்கள் நின்றார்கள். மேடம் மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு ஐயா?"

மேடத்தின் கையில் இருந்த கையேட்டின் பின்னட்டையை அவர் திறந்து காட்டினார். மேடம் விரலை வைத்து ஐந்து ஐந்தாக எண்ணினார். பாதியில் எண்ணிக்கை விட்டுப் போய் முதலிலிருந்து எண்ணினார். "நூத்தி நாப்பத்தாறு. பத்து லிட்டர் பூவாளியா?"

"ம்."

"ஏன் ஐயா?"

"வாடிச்சு," என்றார். பிறகு, இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. "பாக்க முடியல."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வரப்பில் நின்ற ஒவ்வொருவருக்கும், கணக்குக்குக் கட்டுப்படாமல் காப்பாற்றிய ஒரு செடியாவது இருந்திருக்கும். சமையலறையிலிருந்து வந்து பின்னால் நின்றிருந்த அவருடைய மனைவிதான் முதலில் பேசினாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒரு தம்ளர் வெந்நீர் கேட்டேன். இதோ இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வரேன்னாரு. தக்காளிக்கு நூத்தி நாப்பத்தாறு பூவாளி! அடுத்த பிறவியில நான் தக்காளியாத்தான் பிறக்கணும்."

இந்தத் தடவை எல்லாரும் மனம்விட்டுச் சிரித்தார்கள். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "மூணாம் நாளே எனக்குத் தெரியும். பூவாளியை யாரு ரொப்பி வெச்சான்னு நினைச்சீங்க? தொட்டிக்குள்ள குனிஞ்சு மொண்டா முதுகு பிடிக்கும். அப்புறம் தேய்ச்சு விடறது யாரு?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது பேர் நிற்பது மறந்துவிட்டது போலிருந்தது.

"போதும், செடியைப் பாருங்க," என்றாள் அவள்.

மைத்துனன் விடுவதாக இல்லை. "சரி, ஊத்தினாரு. நூத்தி நாப்பத்தாறு என்ன பெரிய மலையா?"

"ஒரு நாலு தூக்கிப் பாருங்கண்ணே," என்றார் மேடம். குரல் பழையபடி திரும்பிவிட்டிருந்தது.

தொட்டிக்கும் பாத்திக்கும் இடையில் நாற்பது எட்டு நடை. முதல் பூவாளியை அவன் விசில் அடித்துக்கொண்டே கொண்டு வந்தான். இரண்டாவதில் விசில் நின்றது. மூன்றாவதை ஊற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "டிராக்டர்லயே உக்காந்து உக்காந்து உடம்பு மறந்துபோச்சு," என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

"இன்னும் நூத்தி நாப்பத்து மூணுதான்," என்றாள் அக்காள்.

அவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் சும்மா இருக்காமல் மூடிய பாத்தியின் தட்டைக்கடியில் கையை நுழைத்தான். கை உள்ளே போன இடத்திலேயே நின்றது. வெளியே எடுத்தபோது விரலில் கறுப்பாக ஈரமண் ஒட்டியிருந்தது. ஒரு மண்புழு நெளிந்து விழுந்தது.

"இதுக்கு எப்போ தண்ணி விட்டீங்க?"

"முந்தாநாள்."

"அதுக்கு?"

"இன்னிக்குக் காலையில."

அவன் எட்டி, தான் நனைக்காத மூலையில், வலது பாத்தியின் மண்ணைக் கிள்ளினான். மேல்மண் அதற்குள் வெளுத்திருந்தது. விரல்களுக்கிடையில் மாவாக உதிர்ந்தது. அதை ஊதிவிட்டு மறுபடி இடது பாத்திக்குள் கையை விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வரப்பிலிருந்து இறங்கி வந்து குனிந்தார்கள். முப்பது பேர் மண்ணுக்குள் கையை விட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள். அவருக்குப் பிடித்த மாதிரியான அமைதி அது.

போகும்போது மேடம் பின்னட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். "ஐயா, நீங்க செஞ்சது தப்பு. நான் திட்டணும்."

"ம்."

"ஆனா எழுதி வெச்சுட்டீங்க. அதனால திட்டறதுக்கு வழி இல்லாமப் போச்சு."

எப்போதும் வேனில் பாதி திரும்பிப் போகும் கையேட்டுக் கட்டு அன்று காலியாகிவிட்டது. கடைசிப் பிரதியை எடுத்தவன் மைத்துனன். எடுத்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

திங்கட்கிழமை புகை எழவில்லை. செவ்வாய்க்கிழமை அடுத்த வயலில் டிராக்டரோடு பொருத்திய நறுக்கு இயந்திரம் நாள் முழுக்க இரைந்தது. அவருக்கு இரைச்சலே ஆகாது. அன்று மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கையேட்டின் புதிய பதிப்பு வந்தது. பதினான்காம் பக்கத்துக் கட்டத்தில் ஒரு வரிசை கூடியிருந்தது: 'மனம் கேட்காமல் கூடுதலாக விட்ட தண்ணீர் (பூவாளி).' அவர் அதை மனைவி முன்னால் விரித்து வைத்தார். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டு, படித்து, வாய்விட்டுச் சிரித்தாள். அவர் உறை போட பிளாஸ்டிக் தாளை வெட்டினார். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

மைத்துனனும் வேலியோரமாக இரண்டு பாத்தி போட்டான், ஒன்று மூடி, ஒன்று மூடாமல். "நான் செய்யறதைப் பாருங்க மச்சான். உங்களை மாதிரி இளகின மனசு எனக்கு இல்ல. காஞ்சா காயட்டும்."

மூன்று வாரம் ஆனது. வெயில் மறுபடி முறுகியது. ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் அவர் தொட்டியடிக்கு வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

"மச்சான், பென்சில் இருக்கா?"

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, முனையைப் பார்த்து, வேலிக்கு மேலாக நீட்டினார்.

சமையலறை ஜன்னல் திறந்தது. "என்னடா, காலங்காத்தால பேன்ட்டெல்லாம் ஈரம்?"

"பனிதான் அக்கா," என்றான் தம்பி.

"ம்," என்றாள் அவள்.