கடைசிக் கேள்வி

மருத்துவக் கருத்தரங்கின் திரையில் தன் முழங்கால்களின் படம் தெரியும்போது மட்டுமே தையல்காரியின் கணவரால் நடக்க முடிந்தது. புது மருந்தால் பலன் பெற்றவர் என்று பெரிய டாக்டர் அவரை ஊர் ஊராக வரவழைத்தார். படம் திரையில் விழுந்ததும் அவர் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து, அரங்கை ஒரு சுற்றுச் சுற்றி, நேரே தேநீர் மேசைக்குப் போய் பிஸ்கட் எடுத்துக்கொள்வார். நேரம் முடிந்ததென்று கருத்தரங்கத் தலைவர் மணியடித்து அடுத்தவரின் படம் வந்ததும் நின்ற இடத்திலேயே துணிபோலச் சரிவார். நாற்காலியோடு பின்னாலேயே ஓடி அவள்தான் தாங்கிக்கொள்வாள். படம் போனதும் விழுந்துவிடுகிறார் என்று டாக்டரிடமே சொல்லிப் பார்த்தாள். "அதனாலென்னம்மா, மேடையில நல்லாத்தானே நடக்கிறாரு? எங்களுக்கு அது போதும்," என்றார் அவர்.

கேள்வி நேரம் நீண்டால் படமும் திரையிலேயே இருக்கும் என்பதால் அவள் கேள்வி கேட்கப் பழகினாள். பக்க விளைவு உண்டா என்பாள்; மேலும் ஆய்வு தேவை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். யாரிடமும் சொல்லாத ஒன்று அவள் மனதை அரித்தது. வீட்டில் படுத்திருக்கும் மனிதர், "இங்க கொஞ்சம் உட்காரேன்," என்று அவளைக் கூப்பிடுவார். நடக்கும் மனிதர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அப்படியும் அவள் கை தானாக உயர்ந்தது.

பிறகு அந்த மருந்தால் பலனே இல்லை என்று வேறு யாரோ நிரூபித்தார்கள். அன்றைய கருத்தரங்கோடு படத்தைத் தூக்கிவிடுவதாக முடிவானது. "கடைசிக் கேள்வி, சீக்கிரம்," என்றார் தலைவர். தேநீர் மேசையிலிருந்து கணவர், "ஏதாவது கேளுடி!" என்று கத்தினார். அவள் வாய்க்கு வந்ததைக் கேட்டாள்: "சார், உங்களுக்கு எப்படி சார் இந்த யோசனை வந்துச்சு?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். தலைவர் மணியடித்துப் பார்த்தார், பிறகு பணி ஓய்வு பெற்றார். மற்றக் கருத்தரங்குகள் பக்கத்து அரங்குக்கு மாறின. வருடங்கள் போய், டாக்டர் இப்போதுதான் கல்லூரி முதலாண்டுக்கு வந்திருக்கிறார்.

கேட்க ஆளில்லை என்றால் பேச்சை நிறுத்திவிடுவார் என்பதால் அவள் மூன்றாவது வரிசையை விட்டு எழுவதில்லை. தையல் இயந்திரத்தை அங்கேயே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். மதியம் கணவர் சாப்பாட்டுப் பையோடு வீட்டிலிருந்து நடந்தே வருவார். வழியெல்லாம் அவரைப் பாராட்டுகிறார்கள்.

"காலெல்லாம் மரத்துப்போச்சுங்க," என்பாள் அவள்.

"கொஞ்சம் பொறுத்துக்க," என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டுவார்.