துடைக்காத நினைவகம்

நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்ப் கண்விழிக்க நேரமாகிறது என்று மருத்துவமனைகள் மூக்கால் அழுதபோது, அதற்கு வழி கண்டுபிடித்தவள் அவள்தான். பம்புக்குள் ஓடும் குட்டி இயங்குதளத்தை எழுதியவளும் அவளே. சுவிட்சைப் போட்டால் நினைவகம் முழுவதையும் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும்; தாமதம் அதனால்தான்.

"கரண்ட் போனாலே நினைவகம் காலியாயிடும். காலிப் பாத்திரத்தைப் போய் யாராவது கழுவுவாங்களா?" என்று கூட்டத்தில் கேட்டாள்.

"துடைச்சிட்டே தொடங்கட்டுமேம்மா" என்று பக்கத்து மேசைக்காரர் முனகினார். "உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம் சார்" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, நினைவகத்தைத் துடைக்கும் அந்த நிரல் வரிகளைத் தூக்கி எறிந்தாள். சுவிட்சைத் தொட்டதுமே பம்ப் விழித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மணிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பம்ப் அவள் நாத்தனார் நர்ஸாக இருந்த வார்டுக்கும் போயிற்று. அங்கே ஒரு நோயாளிக்கு மருந்து அளவுக்கு மீறி ஏறிவிட்டது. மனுஷர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். பழி நாத்தனார் தலையில் விழுந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்றுவிட்டார்கள்.

"ஆரம்பத்துலயே மொத்தமா ஏத்துற முதல் டோஸ் வேண்டாம்னு டாக்டர் சொன்னார் அண்ணி. பம்புல அதுக்கான கட்டத்தை நான் தொடவே இல்ல" என்று அழுதாள் நாத்தனார். "முந்தின பேஷண்டுக்கு முடிஞ்சதும் ஆஃப் பண்ணி, உடனே ஆன் பண்ணேன். அவ்ளோதான்."

அந்த 'உடனே'யை அவள் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆபீசில் பம்பை அணைத்தால் டீ குடிக்கப் போவார்கள். அரட்டையடித்துத் திரும்பி வந்துதான் மறுபடி போடுவார்கள். அதற்குள் நினைவகம் மெல்ல மெல்லத் தானாகக் காலியாகிவிடும். வார்டில் நர்சுக்கு ஏது அரட்டை?

மறுநாள் ஆபீசில் முதல் டோஸாகப் பெரிய அளவைக் கொடுத்தாள். அணைத்தாள், உடனே போட்டாள். முதல் டோஸ் கட்டத்தைத் தொடாமல் பம்பை ஓட்டினாள். முந்தைய டோஸ் அப்படியே இறங்கியது. பக்கத்து மேசைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. அவர் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்தமில்லாமல் அந்த வரிகளைத் திரும்பப் போட்டுவிட்டால் வெளியே யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு ஓடியது. சாயங்காலம்வரை அதை உதறவும் முடியவில்லை, செய்யவும் கை வரவில்லை. சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை. "விசாரணை முடிஞ்சுடுச்சு அண்ணி. தப்பு என்னுதுதான்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"அது நீங்க எழுதின மெஷினாச்சே, தப்பா ஓடுமா? அப்போ என் கைதானே தப்புப் பண்ணியிருக்கணும்? திரும்பத் திரும்ப யோசிச்சுப் பார்த்தேன். அந்த முதல் டோஸை நான்தான் போட்டிருக்கேன்."

அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பையைத் தரையில் போட்டுவிட்டு நாத்தனாரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நீ போடலடி. மெஷின் தப்பு. நான் பண்ண தப்பு. இன்னிக்கு நானே ஓட்டிப் பார்த்தேன். கிளம்பு, ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லுவோம்."

நாத்தனார் பரிதாபமாக அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்காகப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்காதீங்க அண்ணி. பட்டனை அழுத்தினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."