மருத்துவமனைத் தராசை நம்பாத விஜயபாண்டி

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் லாரிகளுக்கு எடைமேடை வைத்திருக்கும் விஜயபாண்டி யாரையும் நம்ப மாட்டார். லாரிக்காரர்களும் அவரை நம்ப மாட்டார்கள். அந்தத் தொழில் அப்படி.

அவர் மகள் சுவாதி பதினோராம் வகுப்பு படித்தாள். அவள் சாப்பாட்டைக் குறைத்தபோது வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. காரியாபட்டியில் ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, "பிள்ளை என்னமா மெலிஞ்சு அழகாயிட்டா!" என்றார்கள். ஆறு மாதம் கழித்துப் பள்ளிக்கூடப் பிரேயரில் அவள் மயங்கி விழுந்தபோது அதே ஆட்கள், "வீட்டுல சோறு போடுறீகளா இல்லையா?" என்று கேட்டார்கள்.

அருப்புக்கோட்டை டாக்டர் பசியெடுக்க டானிக் எழுதினார். சுவாதிக்குப் பசி இருந்தது. சாப்பிடத்தான் பயம். பாட்டில் தீர்ந்தது, பயம் தீரவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில், "குடும்பமே முதல் மருந்து" என்று ஆளுயரப் பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழேதான் குடும்பத்தை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு ஓர் இளம் ஆலோசகர் சுவாதியின் அம்மா மாரிக்கனியை உள்ளே கூப்பிட்டு, நாலே நிமிடத்தில், "வீட்டுச் சூழல்தான் காரணம். குறிப்பா அம்மா" என்று கண்டுபிடித்தார். கூடவே ஓர் உணவுப் பட்டியலும் கொடுத்தார். ஓட்ஸ், ப்ராக்கலி, அவகாடோ.

"இதெல்லாம் பந்தல்குடியில எந்தக் கடையில விக்குது?" என்று பஸ்ஸில் கேட்டார் விஜயபாண்டி. 'குறிப்பா அம்மா' என்ற சொல் மாரிக்கனியின் காதை விட்டுப் போகவில்லை.

சுவாதி தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று நோட்டில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். முதல் வாரம் மாரிக்கனி உள்ளதை எழுதினாள். ஆலோசகர் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். அடுத்த வாரம் அவள் தாராளமானாள். இரண்டு இட்லி நாலானது. வெள்ளிக்கிழமை பொங்கலும் வடையும் வந்தன. சுவாதியே எட்டிப் பார்த்து, "சட்னிய விட்டுட்டம்மா" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

ஆலோசகருக்கு நோட்டு மிகவும் பிடித்துப்போனது. 'வெரி குட்' என்று எழுதி டிக் அடித்தார். ஆஸ்பத்திரித் தராசு மட்டும் சுவாதியின் எடையை வாராவாரம் குறைத்துக் காட்டியது.

விஜயபாண்டி மூன்று வேளையும் எடைமேடையிலேயே நின்றபடி சாப்பிடுகிறவர். மகளின் தட்டை அவர் பார்த்ததே இல்லை. அதனால் நோட்டை நம்பினார். "தராசுதான் பொய்" என்று தீர்த்துச் சொன்னார்.

அடுத்த தடவை முத்திரை போட்ட பத்து கிலோ எடைக்கல் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். வாசலில் காவலாளி தடுத்தார்.

"பையில என்ன சார்?"

"கல்லு."

பெரிய சத்தமாகிவிட்டது. அதைக் கேட்டு, அந்தப் பிரிவின் தலைமை டாக்டர் துர்காதேவி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "கல்லை வச்சுப் பாருங்க" என்றார்.

இருபது கிலோ கல்லுக்குத் தராசு பதினெட்டுகூடக் காட்டவில்லை.

"போன மாசம்தானே மேடம் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டுனாங்க" என்றார் நர்ஸ். ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது.

"தப்பு எங்களோடதுதான். மன்னிச்சுக்கங்க" என்றார் டாக்டர்.

சண்டைக்குத் தயாராக வந்த விஜயபாண்டிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டாக்டர் சுவாதியை வேறு தராசில் நிறுத்தினார், நாடி பிடித்தார். பிறகு மூவரையும் சேர்த்து உட்காரவைத்தார். "அந்தத் தராசு சொன்ன அளவுக்கு மோசமில்ல. ஆனா நாடி ரொம்ப மெதுவா ஓடுது. நோட்டுல இருக்கிறது உள்ள போயிருந்தா இப்படி ஓடாது."

மாரிக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நோட்டு பொய் டாக்டரம்மா. நாந்தான் எழுதுனேன். எல்லாம் என்னாலதான்னு சொன்னாக. உள்ளத எழுதுனா இன்னும் திட்டுவாகளேன்னு..."

"அப்படிச் சொன்னதும் எங்க தப்புதான். இது நோய். நீங்க குடுத்தது இல்ல" என்றார் டாக்டர். பிறகு சுவாதியிடம், "உனக்கு எப்ப ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். இத்தனை நாளில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"தட்டுல போட்டதும். எல்லாரும் அதையே பாக்குறாக."

ஓட்ஸ் பட்டியல் குப்பைக்குப் போனது. வீட்டில் பொங்குவதையே கொடுப்பது என்றும், எவ்வளவு என்றும் டாக்டரும் மாரிக்கனியும் பேசி முடிவுசெய்தார்கள். மூவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்றார் டாக்டர். விஜயபாண்டிக்கு வேறு பேச்சு தெரியாது. கரிமூட்டை ஏற்றிவந்த லாரி, கழுதை குறுக்கே வந்த லாரி என்று லாரிக் கதையாகச் சொன்னார். ஒரு தோசைக்கு ஒன்றரை மணி நேரமானது. ஒருநாள் சுவாதி தட்டை எறிந்தாள். மாரிக்கனி போன் போட்டதும் டாக்டரே எடுத்தார். "இதுக்கு எங்கிட்ட உடனடி வழி இல்லம்மா. அடுத்த வேளை மறுபடி உக்காருங்க. செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரை மாரிக்கனி முதன்முதலாகப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

ஐந்தாவது மாதம் சுவாதி மறுபடி அரைநாள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ஒரு மத்தியானம் விஜயபாண்டி சாப்பிட்டு எழுந்துபோன பிறகு, பாதிச் சாப்பாட்டில், "நீ எந்திரிச்சுப் போம்மா. நான் முடிச்சுட்டு வாரேன்" என்றாள்.

மாரிக்கனி கொல்லைப்பக்கம் போய் டாக்டருக்குப் போன் போட்டாள். "தனியா விடலாமா டாக்டரம்மா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"விடலாம்னு தோணுது."

"அப்ப விடுங்க."

கொடியில் காயாத துணியை எடுத்து மடித்துக்கொண்டே நின்றாள் மாரிக்கனி. உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.