மகேந்திரராஜாவின் குளிர்ப்பாட்டு

அம்புலன்ஸில் வந்த பெண் மகேந்திரராஜாவின் காதுகளிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்ததும், அதற்குள் இருந்த பாட்டு அறைக்குள் வந்துவிட்டது. முதலில் மேளம். பிறகு பத்துப் பதினைந்து ஆண்கள் அடித்தொண்டையால் ஒன்றாக முனகும் குரல். அதை எப்படி நிறுத்துவதென்று சிவனேஸ்வரிக்குத் தெரியவில்லை. மூன்று வருசத்தில் புருசனின் அந்தச் சாமானை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

மகள் கஜந்திதான் போனைத் தேடியெடுத்து நிறுத்தினாள். ஐந்து மணிக்கு வேலையால் வந்து, "அப்பா" என்று அவர் கையைப் பிடித்துவிட்டுக் கத்தியவளும் அவள்தான். இப்போது அவள் முகம் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. அந்தப் பெண் இங்கிலிஷில் கேட்பதைத் தாய்க்குச் சொன்னாள்.

"அப்பாவோடை கடைசியா எப்ப கதைச்சனீங்கள் எண்டு கேக்கினம்."

"நாலு மணிக்கு. தேத்தண்ணி குடுக்கேக்கை."

"அவர் என்ன சொன்னவர்?"

தேத்தண்ணி அப்படியே மேசையில் இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது.

"ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் சிவனேஸ்வரி.

சொல்லாதது அவளுக்குப் புதினமாகப் படவில்லை. இருபத்தாறு வருசக் குடும்ப வாழ்க்கையில் சண்டை என்று வந்தால் கதைக்கிறது அவள், பேசாமல் இருக்கிறது அவர். "வாயிலை என்ன கொழுக்கட்டையே?" என்று கேட்டாலும் அந்த மனுசனிடம் பதில் வராது. ஹெட்போனும் போட்டுவிட்டால் கேட்கவே தேவையில்லை.

அவர் மெல்பேர்னில், டண்டினோங்கில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பகலெல்லாம் மைனஸ் இருபதில் நின்றுவிட்டு வந்து, குளிர்காலப் பாட்டுக் கேட்கிற மனுசனை உலகத்தில் வேறெங்கும் பார்க்கமுடியாது. கூட வேலைசெய்த போலந்துக்காரன் ஒருவன் பழக்கிவிட்டது. ஐரோப்பாவில் தேவாலயங்கள் வருவதற்கு முந்திய சனங்கள், வருசத்தின் மிக நீண்ட இரவில் நெருப்பு வளர்த்துப் பாடிய பாட்டுகளாம். தோற்பை ஊதுகுழல், பெரிய மேளம், ஒருவருக்கும் விளங்காத பாஷை. அங்கே அது டிசம்பரில் வரும். மெல்பேர்னில் டிசம்பர் என்றால் வியர்த்து ஒழுகும். ஆகவே மகேந்திரராஜா தன் பண்டிகையை, இங்கே குளிரும் நீண்ட இரவும் வருகிற ஜூனுக்கு மாற்றிக்கொண்டார். மேமாதக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுவார். கண்ணை மூடி, கதிரைக் கையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு கேட்பார்.

"சூரியனைத் திரும்பி வரச்சொல்லிப் பாடுறாங்களப்பா. எங்கடை பொங்கல்தானே இதுவும்" என்று ஒருநாள் சொன்னார்.

"பொங்கலுக்கு ஆர் செத்தவீட்டு மேளம் அடிக்கிறது?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி. விளக்கு வைக்கிற நேரத்தில் உது வீட்டுக்கு ஆகாது என்று சத்தம்போட்டாள். அடுத்த கிழமை அவர் ஹெட்போன் வாங்கிவிட்டார்.

இன்றைக்கு ஜூன் இருபத்தொன்று. மலைப்பக்கம் ஒரு வெளியில் நெருப்பு மூட்டி அந்தப் பாட்டை நேரில் பாடுகிறார்களாம். மத்தியானம் அவள் மீன் பொரித்துக்கொண்டு நிற்கையில் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இரவைக்கு நீரும் வாருமன். ரெண்டு டிக்கெட் எடுத்தனான்."

எங்கேயும் கூப்பிடாத மனுசன் கூப்பிட்டது அவளுக்கு என்னவோபோல இருந்தது. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கோப்பையளை எடுத்து வையுங்கோ" என்றாள். அவர் எடுத்து வைத்தார். சாப்பிட்டார். வெளியே போய் வந்தார். கதிரையில் சாய்ந்தார்.

நான்கு மணிக்குத்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. தேத்தண்ணியை வைத்துவிட்டு, அவர் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டபடியே சொன்னாள்: "உந்தப் பேய்க்கூத்துக்கு நான் வரமாட்டன். ஆசையெண்டால் தனியப் போய்க் குளிருக்கை விறைச்சுச் சாவுங்கோ."

அதைத்தான் கடைசியாகச் சொன்னாள். மகளிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. அவர் அதைக் கேட்டாரா, கேட்டுத்தான் நெஞ்சு நின்றதா என்ற ஒன்றைத் தவிர அவள் தலைக்குள் வேறெதுவும் இல்லை.

அம்புலன்ஸ் பெண் எழுந்து கையுறையைக் கழற்றினாள். மெல்லிய குரலில் நீளமாக ஏதோ சொன்னாள். கஜந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னவாம்? சொல்லு பிள்ளை."

"தாடையெல்லாம் இறுகிப்போச்சாம். மூண்டு மணிக்கு முதலே போயிருப்பாராம் அம்மா."

சிவனேஸ்வரி மேசையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தாள். அப்படியென்றால் அவர் கேட்கவில்லை. அந்தச் சொல் அவர் காதில் விழவே இல்லை. ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணம், செத்த மனுசனுக்குப் போர்வை போர்த்தி, செத்த மனுசனோடு சண்டை பிடித்து, குசினிக்குப் போய் உளுந்து ஊறப்போட்டது நினைவு வந்தது. கஜந்தி தண்ணீர் கொண்டுவந்தாள். பொலிஸ்காரர் வந்து பெயர், பிறந்த திகதி கேட்டுப் போனார்கள். சிவனேஸ்வரி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள்.

ஏழு மணிபோல அவரைக் கொண்டுபோகிற வான் வந்தது. டிரைவ்வேயில் அவருடைய கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. கஜந்தி கனடாவில் இருக்கும் சித்தப்பாவோடு போனில் அழுதுகொண்டிருந்தாள். சிவனேஸ்வரி கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு தானே போனாள். காரைப் பின்னுக்கு எடுக்கத் திரும்பியபோது பின்சீற்றைக் கண்டாள்.

இரண்டு மடக்குக் கதிரைகள். ஒன்றில் கடை விலைச்சீட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அதில் அவள் இடுப்பு நோவுக்கு வைக்கிற தலையணையைக் கயிற்றால் கட்டியிருந்தார். சுடுதண்ணிப் போத்தலும் இரண்டு கப்பும் இருந்தன. பக்கத்தில் அவளுடைய மண்ணிறக் குளிர்க்கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் காரை ரோட்டில் விட்டாள். எஞ்சினை நிறுத்தினாள். இறங்கவில்லை.

கஜந்தி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். "அம்மா, இறங்குங்கோ. அப்பாவைக் கொண்டுபோகப் போகினம்."

சிவனேஸ்வரி கண்ணாடியை இறக்கினாள்.

"கோட்டைப் போட்டிட்டு வாறன் எண்டு சொல்லு" என்றாள்.

பின்சீற்றுக்குக் கையை நீட்டிக் கோட்டை எடுத்து, இருந்தபடியே ஒவ்வொரு கையாக நுழைத்து, ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.