வாங்காத பாகம்

வட்டம் என்று வெட்டியது வட்டமாக வரவில்லை. தச்சர் அந்த மரத்தட்டை எடுத்து, கடிகாரக் கடைக்காரர் தந்திருந்த பித்தளை வளையத்துக்குள் வைத்துப் பார்த்தார். மேலும் கீழும் இறுக்கிப் பிடித்தது. இடமும் வலமும் நகம் நுழையும் இடைவெளி. தட்டைக் கொஞ்சம் திருப்பினார். இடைவெளியும் கூடவே திரும்பியது. ஆக, வளையத்தின் மேல் பழியைப் போடும் வழியும் அடைபட்டது.

"முட்டை," என்றான் மச்சினன்.

"அது தெரியுது மாப்ள. கோழி எதுன்னுதான் பாக்கணும்."

நாற்பது சுவர்க்கடிகாரங்களுக்கு மர முகப்பு வேண்டும், நாற்பதும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கடைக்காரரின் நிபந்தனை. நாளை மாலை அவரே பட்டறைக்கு வந்து, கம்ப்யூட்டர் சொல்ல மெஷின் வெட்டுவதைக் கண்ணால் பார்ப்பார். வளையம் பொருந்தினால் வேலை இவர்களுக்கு. பொருந்தாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய தொழிற்சாலைக்கு. இரண்டு பேரும் சேமிப்பைத் துடைத்துப்போட்டு, எட்டு மாதமாகச் சொந்தமாக ஒரு சி.என்.சி. மெஷினைக் கட்டியது இந்த ஒரு வேலையை நம்பித்தான்.

கையில் இருந்தது குறைவு என்பதால் எதை முதலில் வாங்குவது என்று ஆரம்பத்திலேயே பெரிய மாநாடு நடந்தது. மச்சினனுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் உத்தியோகம். இயந்திரம் என்றால் அவன் சொல்வதுதான் வீட்டில் சட்டம். "அப்புறமா மாத்த முடியாத சாமான் முதல்ல, மாமா. மெஷின் தலை சறுக்கி ஓடுற ரெயிலும் ஸ்க்ரூவும் நல்லதா வாங்கிடுவோம். மோட்டார் அடுத்தது. வெட்டுறதுக்கு இப்போதைக்கு உங்க பழைய ரூட்டரே போதும். எல்லாத்தையும் தாங்குற சட்டத்தை மட்டும் இரும்புல பண்ணிடலாம்." கடைசி வாக்கியத்தைத் தச்சர் அங்கேயே வெட்டினார். மரம் அவருடைய இலாகா. வீட்டில் ஒரு தச்சனை வைத்துக்கொண்டு வெல்டர் வாசலில் போய் நிற்பதா? பழைய கதவு நிலைகளை அறுத்து, இரண்டு தூண், மேலே குறுக்கே ஒரு பாலம் என்று தானே செய்தார். செலவு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பற்றி ஒரு வாரம் பேசினார்.

எனவே முட்டை வந்ததும் அவர் மனம் நேராகப் போய் நின்ற இடம், மச்சினன் தனியாகப் போய் வாங்கிவந்த ஸ்க்ரூ. வெட்டும் தலையைப் பாலத்தின் மேல் இடமும் வலமும் நகர்த்தும் நீளமான திருகுக் கம்பி அது. இடைவெளியும் இட வலத்தில்தானே? மேஜையை நகர்த்தும் இன்னொரு கம்பியைவிட இது ஒரு பிடி மங்கலாக வேறு இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "வேற பேட்ச் மாமா" என்று உடனே சொன்னான். பதிலைத் தயாராக வைத்திருப்பவனைத் தச்சர் நம்புவதில்லை. யோசித்துச் சொல்பவனையும் நம்புவதில்லை. அவன் போனபின் கம்பியை முகர்ந்து பார்த்தார். பழைய லிப்டில் கழற்றிய வாசனை அடித்தது. பழைய லிப்ட் எப்படி வாசனை அடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. நான்காம் மாடிக்கும் படியேறிப் போகிறவர்.

மறுநாள் காலை மனைவியிடம் விசாரணையைத் துவக்கினார்.

"உன் தம்பி புதுசா ஏதாச்சும் வாங்கினானா?"

"செருப்பு."

"என்ன செருப்பு? நல்ல செருப்பா?"

"என்னங்க, என் தம்பியைக் கேக்கணும்னா நேரா கேளுங்க. எதுக்கு செருப்பு வழியா வர்றீங்க?"

தச்சர் விசாரணையை ஒத்திவைத்தார். லேத் பட்டறையில் ஒரு டயல் கேஜைக் கெஞ்சி வாங்கிவந்தார். தலைமுடி அளவு அசைந்தாலும் முள்ளைத் திருப்பிக் காட்டிக்கொடுக்கும் கருவி. அதை மேஜையில் நிறுத்தி, நுனியை வெட்டும் தலையான ரூட்டரில் தொடவைத்து, ரூட்டரைப் பக்கவாட்டில் தள்ளினார். முள் துள்ளியது. அரை மில்லிமீட்டர்! திருடன் அகப்பட்ட சந்தோஷம் உடம்பெல்லாம் ஓடியது. பிறகு, அகப்பட்டவன் மனைவியின் தம்பி என்பது நினைவுக்கு வந்து கொஞ்சம் குறைந்தது. சாட்சிக்கு இருக்கட்டும் என்று இன்னும் ஆறு தடவை தள்ளினார்.

மதியம் மச்சினன் அரைநாள் விடுப்பு போட்டு வந்தான். தச்சர் வாய்தா கொடுக்கவில்லை.

"கம்பி பழசு. பழசை வாங்கி என் தலையில கட்டிட்ட. மிச்சம் எங்க போச்சுன்னு நான் கேக்கல. முள்ளு எல்லாம் சொல்லிடுச்சு."

வாசல்படியில் நின்ற மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சினனுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. அதுவே தச்சருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. அவன் கேஜை எடுத்துப் பாலத்தின் மேலேயே பொருத்தி, ரூட்டரைத் தாங்கி ஸ்க்ரூவில் ஓடும் நட்டின் மேல் நுனியை வைத்தான்.

"தள்ளுங்க மாமா."

தள்ளினார். முள் செத்துக் கிடந்தது.

கேஜை மறுபடி மேஜையில் நிறுத்தினான். இந்தத் தடவை நுனி தொட்டது மரத்தூணின் தலையை.

"இப்ப தள்ளுங்க."

தள்ளினார். முள் எழுந்து அரை மில்லிமீட்டர் போய்த் திரும்பி வந்தது. கம்பி அசையவில்லை. கம்பியைச் சுமந்த பாலமும் தூணும் கூட்டாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

"இதை எந்தக் கடைல வாங்கினீங்க மாமா?"

மனைவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

தச்சர் தூணை உள்ளங்கையால் தடவினார். வாங்கிய ஒவ்வொன்றையும் முகர்ந்து, தட்டி, வெயிலில் காட்டிப் பார்த்திருந்தார். காசு கொடுக்காத ஒன்றைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் மனம் அத்தனை சீக்கிரம் வேலையை விட்டுவிடுமா?

"தெரிஞ்சிருந்தா நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேத்து தெரியாது. ராத்திரி பூரா யோசிச்சேன். மெஷினைப் பத்தி யோசிச்சேன் மாமா. உங்களைப் பத்தி யோசிக்கல."

இதற்குத் தச்சரிடம் கேஜ் இல்லை. கடைக்காரர் வர இன்னும் சில மணி நேரமே இருந்தது. மச்சினன் ஸ்பானரை எடுத்துப் பாலத்தின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். மோட்டார், ஸ்க்ரூ எல்லாம் வரிசையாகத் தரைக்கு வந்தன. மிச்சமிருந்தது ரெயில்.

"டேய், எங்கடா எடுத்துட்டுப் போற?" என்றாள் அக்கா.

அவன் கேட்காதது போல ரெயிலின் ஒரு முனையைத் தூக்கினான். தச்சர் பாய்ந்து மறுமுனையைப் பிடித்தார். ஒரே ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய கனம்தான்.

தெருவில் இடப்பக்கம் போனால், இரும்புச் சட்டத்துக்கு அளவு கேட்கும் வெல்டர் கடை. வலப்பக்கம் போனால் மச்சினனின் வீடு. முன்னால் போனவன் வாசலில் ஒரு நொடி நின்றான். பின்னால் இருந்தவர் கேட்கவில்லை, விடவும் இல்லை. இருவருக்கும் நடுவே ரெயில் வளையாமல், வெயிலில் பளபளவென்று நின்றது.